சதுப்பு நிலம் தரிசு நிலமன்று

ஒன்ராறியோ மாகாணத்தின் வடபகுதியில், ஹட்சன் விரிகுடாவையும் ஜேம்ஸ் விரிகுடாவையும் ஒட்டிப் பரந்து கிடக்கும் சதுப்புத் தாழ்நிலத்தை என்ன செய்வது என்ற கேள்வி இம்மாகாண அரசியலில் முன்னணிக்கு வந்துள்ளது. அந்நிலப்பகுதியில் நிக்கல், குரோமைற் ஆகிய கனியங்கள் இருப்பது 2007 ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டது. அன்று முதல், ‘நெருப்பு வளையம்’ என்று பெயர் சூட்டப்பட்ட அப்பகுதிக்கு வீதி அமைப்பதும் அங்கே சுரங்கம் தோண்டுவதும் மாறிமாறி வந்த மாகாண அரசுகளின் வாக்குறுதிகளாக இருந்து வருகின்றன. 2025 யூன் மாதத்தில் ஒன்ராறியோச் சட்டமன்றம் நிறைவேற்றிய 5 ஆம் இலக்கச் சட்டமூலம், ‘விசேட பொருளாதார வலயம்’ எனப் பிரகடனப்படுத்தப்படும் இடங்களில் மாகாணச் சட்டங்களிலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. அத்தகைய வலயங்களுள் ஒன்றாக நெருப்பு வளையம் அமையக்கூடும் என்பதனை அரசு மறைக்கவுமில்லை.

மோர்னிங்சைட்டிலும் அதனைச் சூழவுள்ள ஸ்காபரோப் பகுதிகளிலும் வாழும் எம்மவருள் பெரும்பாலோர் அத்தாழ்நிலத்தைக் கண்டதில்லை. வீட்டுக் கடனும், இரட்டை வேலையும், அகதிக் கோரிக்கையின் முடிவை எதிர்பார்த்த காத்திருப்பும் நாளாந்தக் கவலைகளாக உள்ள ஒரு சமூகத்திற்கு, ஆயிரம் கிலோமீற்றர் வடக்கே கிடக்கும் சேற்று நிலம் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆயினும் அந்நிலத்தின் கதையில் எமது கதையின் சாயல் உண்டு. அதனைக் காப்பதா, கெடுத்தபின் திருத்துவதா என்ற தீர்மானத்தின் விளைவை எமது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே அனுபவிக்கப் போகின்றனர். ஆகவேதான் இவ்விடயத்தை வாசகர் முன் வைக்கின்றோம்.

ஆங்கிலத்தில் ‘பீற்’ என்று வழங்கப்படுவதை இலங்கைப் பாடநூல்களில் ‘முற்றா நிலக்கரி’ என்று படித்தோர் எம்மிடையே பலர். நீர் தேங்கி நிற்கும் நிலத்தில் ஒட்சிசன் புகுவது அரிது. ஒட்சிசன் இல்லாதவிடத்து, இறந்த பாசியும் புல்லும் வேரும் முழுமையாக உக்குவதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் என்ற அளவில், சில இடங்களில் அதனிலும் குறைவாக, அவை உயர்ந்து வருகின்றன. ஒரு மீற்றர் தடிப்புக்கு ஆயிரம் ஆண்டுகள் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். அச்செடிகள் உயிரோடிருந்த காலத்தில் காற்றிலிருந்து எடுத்த காபனின் ஒரு பகுதி அப்படிவில் பூட்டப்பட்டுக் கிடக்கின்றது. உலகின் நிலப்பரப்பில் 3 வீதம் மட்டுமேயான பீற் நிலங்கள், 60 ஆயிரம் கோடி தொன் அளவிலான காபனைத் தம்முள் வைத்திருப்பதாக மதிப்பிடப்படுகின்றது. உலகக் காடுகளின் மரங்கள் யாவும் சேர்ந்து தாங்கும் காபனை விட இது அதிகமாகும். இச்செல்வத்தில் பெரும்பங்கு கனடாவிடம் உள்ளது. இந்நாட்டின் பீற் நிலங்கள் 11 கோடி ஹெக்டேயருக்கு மேற்பட்டவை. ஹட்சன் விரிகுடாத் தாழ்நிலம் மட்டும் 3 ஆயிரம் கோடி தொன் அளவிலான காபனைக் கொண்டுள்ளது.

இந்நிலத்தில் ஒரு வடிகால் வெட்டினால் என்ன நிகழும்? நீர்மட்டம் இறங்கும், காற்று உட்புகும், ஆயிரமாண்டு உக்காமல் கிடந்தது சில பத்தாண்டுகளில் உக்கி, காபனீரொட்சைட்டாக வெளியேறும். காய்ந்த பீற் தீப்பற்றினால் அத்தீ நிலத்தின் கீழேயே மாதக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். 2015 இல் இந்தோனேசியாவில் வடிக்கப்பட்ட பீற் நிலங்கள் எரிந்தபோது, அப்புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடியதை அங்குள்ள எமது உறவினர் அறிவர். உலகின் பீற் நிலங்களில் 12 வீதம் வரையே இவ்வாறு கெடுக்கப்பட்டுள்ளன. எனினும், மனித நடவடிக்கைகளால் வெளிவரும் பச்சைவீட்டு வாயுக்களில் ஏறக்குறைய 4 வீதம் அவற்றிலிருந்தே எழுகின்றது என ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித் திட்டத்தின் 2022 ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகின்றது. 2016 இல் இந்தோனேசிய அரசு பீற் நில மீளமைப்புக்கெனத் தனி முகவரகம் ஒன்றை நிறுவி, 20 இலட்சம் ஹெக்டேயரைத் திருத்தும் பணியில் இறங்க நேர்ந்தது என்பதிலிருந்தே, அந்தச் சேதத்தின் பாரதூரத்தை ஊகிக்கலாம்.

இது அந்நிய நாட்டுச் செய்தி மட்டுமன்று. கொழும்பிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திற்குப் புறப்பட்ட எம்மவர் ஒவ்வொருவரும் ஒரு பீற் நிலத்தின் ஓரமாகவே பயணித்து வந்தோம். வத்தளைக்கும் நீர்கொழும்புக்கும் இடையே, வீதிக்கு மேற்கே கிடக்கும் முத்துராஜவெல, இலங்கையின் மிகப் பெரிய கரையோரப் பீற் சதுப்பு நிலமாகும். அதன் பரப்பு 3,068 ஹெக்டேயர். ஒரு காலத்தில் அது அரசருக்குரிய நெல்வயலாக விளங்கியது என்பது மரபுவழிச் செய்தி. ஐரோப்பியர் ஆட்சியில் வெட்டப்பட்ட கால்வாய்களால் உவர்நீர் புகுந்து வயல்கள் கெட்டன. பின்னர் வந்தவர்கள் அதனைப் பயனற்ற சேறு என்றே கருதினர். 1996 இல் அதன் வடபகுதி சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. தென்பகுதியோ கடல் மணலால் நிரப்பப்பட்டு, கைத்தொழிலுக்கும் மின்நிலையத்திற்கும் இடமாயிற்று. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து மக்கள் மாண்டபின், தலைநகரின் குப்பை வந்து சேர்ந்த இடங்களுள் முத்துராஜவெலயின் ஓரத்திலுள்ள கெரவலப்பிட்டியவும் ஒன்று.

அந்தச் ‘சேற்றின்’ பெறுமதி என்ன என்று 2003 இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சார்பில் நடத்தப்பட்ட அவ்வாய்வு, முத்துராஜவெல மக்களுக்கு அளிக்கும் சேவைகளின் மதிப்பு ஆண்டுக்கு 70 கோடி ரூபாவுக்கும் அதிகம் எனக் கண்டது. அதில் மிகப் பெரிய பங்கு வெள்ளத் தடுப்புக்குரியது. மழைநீரை உறிஞ்சி வைத்து, மெல்ல மெல்லக் கடலுக்கு விடும் அந்தப் பணியைச் செய்ய ஓர் அணைக்கட்டோ ஒரு பொறியியலாளரோ தேவைப்படவில்லை. அந்நிலம் நிரப்பப்படும் ஒவ்வோர் ஏக்கருக்கும் உரிய வெள்ளம், எங்கோ ஓர் ஏழையின் வீட்டு வாசலைத்தான் தேடிச் செல்லும்.

இதே பாடத்தை ரொறன்ரோவும் கற்றிருக்கின்றது. 1954 ஒக்டோபரில் வீசிய ஹேசல் சூறாவளி இம்மாகாணத்தில் 81 உயிர்களைக் குடித்தபின்னரே, ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வீடு கட்டுதல் தவறு என்பதனை அதிகாரிகள் உணர்ந்து, அந்நிலங்களைப் பொதுவுடைமையாக்கத் தொடங்கினர். மோர்னிங்சைட் பூங்காவினூடாக ஓடும் ஹைலண்ட் கிறீக் இன்று அமைதியான ஓடைபோலத் தோன்றலாம். அதன் நீரேந்து பரப்பு முழுவதும் வீதியாலும் கூரையாலும் மூடப்பட்டுவிட்டதால், பெருமழை பெய்தால் அது சில மணித்தியாலங்களில் பேராறாக மாறுகின்றது. 2005 ஒகஸ்ட் 19 ஆம் திகதிய மழையில் அவ்வோடை தன் கரைகளை அரித்து, நிலத்தடிக் கழிவுநீர்க் குழாயையே உடைத்தது. உறிஞ்சும் நிலத்தை இழந்த நகரம், வெள்ளத்தைக் குழாயாலும் கற்களாலும் தடுக்கப் பெரும் பணம் செலவிட வேண்டியிருக்கின்றது.

வடக்கே 400 ஆம் இலக்க நெடுஞ்சாலையில் பயணிப்போர் பிராட்ஃபோர்ட் அருகே கரிய மண்ணில் கரட்டும் வெங்காயமும் விளையும் வயல்களைக் கண்டிருப்பர். ஹொலண்ட் மார்ஷ் எனப்படும் அச்சதுப்பு, 1925 க்கும் 1930 க்கும் இடையில் பேராசிரியர் வில்லியம் டே அவர்களின் முயற்சியால் வடிக்கப்பட்டு விளைநிலமாக்கப்பட்டது. எமது சமையலறைகளுக்கும் உணவளிக்கும் அந்நிலத்தை இன்று மீண்டும் நீரில் மூழ்கடிக்குமாறு எவரும் கோரமாட்டார். ஆனால், வடிக்கப்பட்ட பீற் மண் ஆண்டுதோறும் உக்கித் தாழ்ந்துகொண்டே போகின்றது என்பதும், அது முடிவில்லாத வைப்பன்று என்பதும் அவ்விவசாயிகளே அறிந்த உண்மைகளாகும்.

கெட்ட நிலத்தைத் திருத்த முடியுமா? முடியும் என்பதற்கு இந்நாட்டிலேயே சான்று உண்டு. கியூபெக் மாகாணத்தில் ரிவியேர்-து-லூ நகருக்கு அண்மையிலுள்ள புவா-தெ-பெல் என்ற இடத்தில், தோட்டக்கலைக்காகப் பீற் அகழப்பட்டு 1980 இல் கைவிடப்பட்ட நிலம் ஒன்று இருந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழிந்தும் அங்கே பாசி தானாகத் திரும்பவில்லை. லாவால் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை லின் ரொஷ்ஃபோர் அவர்களின் தலைமையிலான ஆய்வுக் குழுவினர் 1999 இல் அதனைத் திருத்த முற்பட்டனர். அவர்கள் கையாண்ட முறை ஒரு விவசாயிக்கு எளிதில் விளங்கக்கூடியது. முதலில் வடிகால்களை அடைத்து நீரை நிறுத்தினர். நல்ல நிலையிலுள்ள வேறொரு சதுப்பின் மேற்பரப்பிலிருந்து ஸ்பக்னம் பாசியைச் சிறிதளவு எடுத்து, நாற்றுப்போல இங்கே பரப்பினர். அது காய்ந்துவிடாதவாறு வைக்கோலால் மூடினர். ஓர் ஏக்கரிலிருந்து எடுத்த பாசி, பத்து ஏக்கருக்குப் போதுமானதாயிற்று. பாசி வேரூன்றியது, நீரைத் தேக்கியது. பதினான்கு ஆண்டுகள் கடந்த நிலையில் எடுக்கப்பட்ட அளவீடுகள், அந்நிலம் காபனை வெளிவிடுவதை விட்டு மீண்டும் உள்வாங்கத் தொடங்கிவிட்டதை உறுதிப்படுத்தின. நயாகராப் பகுதியின் வெயின்ஃபிளீற் சதுப்பிலும், பீற் அகழ்வு நின்றபின் வடிகால்களை அடைத்து நீரை மீட்கும் பணி மேற்கொள்ளப்பட்டது.

இவை நம்பிக்கை தரும் செய்திகளே. எனினும் இவற்றை எவ்வாறு வாசிப்பது என்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். திருத்தப்பட்ட நிலத்தின் பரப்பு சில ஹெக்டேயர்; பிடித்த காலம் ஒன்றரைப் பத்தாண்டு. அதுவும், அகழ்ந்தபின் கீழே எஞ்சிய பீற் இருந்த காரணத்தினாலேயே சாத்தியமாயிற்று. புதிதாக நீர் நிறுத்தப்பட்ட நிலம் ஆரம்ப ஆண்டுகளில் மெதேன் வாயுவை அதிகமாக வெளிவிடுவதும் உண்டு. நீண்டகாலக் கணக்கில் நன்மையே மிகும் என விஞ்ஞானிகள் காட்டியுள்ளனர். ஆனால் அந்த நன்மைக்குப் பொறுமை விலையாகின்றது. அல்பேர்ட்டாவின் எண்ணெய் மணல் அகழ்வில் பீற் நிலம் அடியோடு அகற்றப்பட்ட இடத்தில், 2013 இல் ‘நிக்கனோட்டி’ எனும் செயற்கைச் சதுப்பு ஒன்று அமைக்கப்பட்டது. பல்கலைக்கழக அறிஞர்களும் பெரும் நிறுவனமும் ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கிய அச்சதுப்பின் பரப்பு ஏறக்குறைய மூன்று ஹெக்டேயர் மட்டுமே. மூன்று ஹெக்டேயருக்கு இத்தனை பாடு என்றால், நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வீதியாலும் சுரங்கங்களாலும் குலைக்கப்படக்கூடிய தாழ்நிலத்தைப் ‘பின்னர் திருத்திக் கொள்வோம்’ என்பாரின் வாக்குறுதிக்கு என்ன பெறுமதி உண்டு?

ஆகவே எமது கருத்து இதுதான்: கெட்டுப்போன பீற் நிலங்களைத் திருத்துவது கடமை, அதற்கு அரசுகள் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும். ஆனால், திருத்தும் வித்தை தெரிந்துவிட்டது என்பதனைக் கெடாத நிலத்தைக் கெடுப்பதற்கான அனுமதிப் பத்திரமாக எவரும் காட்ட இடமளிக்கலாகாது. ஊர் எரிவதற்கு ஓர் இரவு போதும். அதனைக் கட்டியெழுப்ப ஒரு தலைமுறை போதாது என்பதனை எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அத்தாழ்நிலம் ஆளற்ற வெளியுமன்று. அங்கு கிறீ, ஒஜிப்வே, ஒஜி-கிறீ மக்கள் வாழையடி வாழையாக வாழ்ந்து வருகின்றனர். ஜேம்ஸ் விரிகுடாக் கரையின் கிறீ மக்கள் தம்மை ‘முஷ்கேகோவுக்’ என்று அழைக்கின்றனர். சதுப்பு நிலத்து மக்கள் என்பது அதன் பொருள். நிலத்தைக் கொண்டே மக்களையும் ஒழுக்கத்தையும் வகுத்த திணை மரபில் வந்த எமக்கு அப்பெயரின் ஆழம் விளங்காமற் போகாது. 1905, 1906 ஆம் ஆண்டுகளில் செய்யப்பட்டு, 1929, 1930 இல் வடக்கு நோக்கி விரிக்கப்பட்ட 9 ஆம் இலக்க உடன்படிக்கையின் பொருள் என்ன என்பதில், அம்மக்களுக்கும் அரசுக்குமிடையே இன்றும் பிணக்கு நீடிக்கின்றது. அப்பகுதியின் நெஸ்கன்டாகா மக்கள், 1995 இல் விதிக்கப்பட்ட ‘நீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்’ என்ற அறிவித்தலின் கீழ் கால் நூற்றாண்டுக்கும் மேலாக வாழ நேர்ந்தது. குடிக்க நீர் கொடுக்காத அரசு, கனியம் எடுக்க வீதி போட விரைகின்றது என்று அவர்கள் கசந்து பேசினால் அதில் நியாயம் இல்லை என்று யார் கூறுவார்?

அம்மக்கள் எல்லோரும் ஒரே கருத்தினர் என்று நாம் கூற வரவில்லை. மார்ட்டின் ஃபோல்ஸ், வெபெக்வே ஆகிய சமூகங்கள் தாமே முன்னின்று வீதித் திட்டங்களை ஆராய்ந்து வருகின்றன. ஆண்டில் பெரும்பகுதி விமானத்தால் மட்டுமே சென்றடையக்கூடிய ஊர்களில் வாழ்வோர் வீதியையும் வேலையையும் நாடுவதில் குற்றமில்லை. மின்சார வாகனத்திற்கு நிக்கல் வேண்டும் என்ற வாதமும் ஒதுக்கத்தக்கதன்று. ஆனால், தீர்மானிக்கும் உரிமை அந்நிலத்து மக்கள் அனைவருக்கும் உரியது. அவர்களின் சம்மதம் முன்கூட்டியே, அச்சுறுத்தலின்றிப் பெறப்பட வேண்டும். சட்டங்களை ஒதுக்கிவைத்து விரைவு காட்டுவது அதற்கு நேரெதிரான வழியாகும்.

எமது வரலாற்றிலிருந்தே ஓர் உதாரணம். 1840 இல் ஆங்கிலேயர் இலங்கையில் கொண்டுவந்த முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் உள்ள நிலம் யாவும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்கே உரியது என விதித்தது. அவ்வாறு எடுத்த மலைநாட்டு நிலங்களிலேயே கோப்பித் தோட்டங்கள் எழுந்தன; அவற்றில் உழைக்கவே தமிழகத்திலிருந்து எமது மக்கள் கொண்டுவரப்பட்டனர். நிலத்தைப் பறிப்பதற்கு முன் அதனைத் ‘தரிசு’ என்று பெயரிடுவது வழக்கம். அதன் பின்னரும் ‘அரச காணி’, ‘அபிவிருத்தி’ என்ற பெயர்களால் எமது தாயகத்தில் நிகழ்ந்தவற்றை வாசகருக்கு நினைவூட்டத் தேவையில்லை. வடக்கின் சதுப்பைப் ‘பயனற்ற வெளி’ என்று எவரேனும் கூறக் கேட்டால், அச்சொல்லின் பழைய வரலாற்றை அறிந்தவர்களாகிய நாம் தலையாட்டிக் கொண்டிருத்தல் தகாது.

எம்மால் என்ன செய்ய முடியும்? முதலாவது, எமது வீட்டுத் தோட்டத்திலேயே தொடங்கலாம். வசந்தம் வந்ததும் கத்தரிக்கும் மிளகாய்க்கும், யன்னலோரத்துக் கறிவேப்பிலைக்கும் எம்மவர் வாங்கும் ‘பீற் மொஸ்’ பொதி, இந்நாட்டின் ஏதோ ஒரு சதுப்பிலிருந்து அகழப்பட்டதே. அவ்வகழ்வு கனடாவின் மொத்தப் பீற் நிலத்தில் மிகச் சிறு பங்கையே தொடுகின்றது என்பதும், அத்தொழிலினர் சிலர் திருத்தும் பணிக்கு ஒத்துழைக்கின்றனர் என்பதும் உண்மையே. இருந்தும், ஆயிரமாண்டுச் சேமிப்பை ஒரு கோடையில் செலவிடத் தேவை என்ன? பூவரசங் குழையும் வேப்பங் குழையும் தாழ்த்தி, பனையோலையை மண்ணில் புதைத்து, பட்டியடைத்து, வன்மண்ணைப் பொன் விளையும் மண்ணாக்கிய யாழ்ப்பாணத்து விவசாயியின் பிள்ளைகள் நாம். இலையுதிர்காலத்துச் சருகும் சமையலறைக் கழிவும் சேர்ந்தால் நல்ல கூட்டெரு ஆகும். தென்னந் தும்பு எடுத்தபின் எஞ்சும் தூளை, பீற்றுக்கு மாற்றாக இலங்கையும் தமிழகமும் உலகெங்கும் ஏற்றுமதி செய்கின்றன. அதனைக் கழுவ நன்னீர் செலவாகின்றது, கப்பலில் வர எரிபொருள் செலவாகின்றது என்பதனால், எமது கையாலான கூட்டெருவே முதலிடம் பெறத்தக்கது.

இரண்டாவது, குரல் கொடுத்தல். வாக்குரிமை பெற்றோர் தமது தொகுதி உறுப்பினரிடம் இவ்விடயத்தில் அவரது நிலைப்பாடு என்ன என்று கேட்க வேண்டும். எமது மண்டபங்களுக்குப் பொங்கல் விழாவிற்கு வருவோரிடம் எமது ஊர்ப் பிரச்சினையை மட்டும் பேசி அனுப்பிவிடுகின்றோம். இந்நாட்டு மக்களின் பிரச்சினையும் எமது பிரச்சினையே என்று அவர்கள் அறியட்டும். வாக்குரிமை இல்லாதோருக்கும் வழி உண்டு. ஒன்ராறியோவின் 1993 ஆம் ஆண்டுச் சுற்றாடல் உரிமைச் சாசனத்தின்கீழ், சுற்றாடல் பதிவேட்டில் வெளியிடப்படும் அரச முன்மொழிவுகள் பற்றி எழுத்து மூலம் கருத்துத் தெரிவிக்கப் பொதுமக்களுக்கு வாய்ப்பளிக்கப்படுகின்றது. அதற்குக் குடியுரிமை நிபந்தனையன்று. அகதிக் கோரிக்கையாளராக இருப்பவரும் தமது கருத்தை எழுதலாம். அனுப்பப்படும் கருத்துகளை அமைச்சு கவனத்திற் கொள்ள வேண்டும் என்பது சட்டம். அச்சட்டத்திலிருந்தே விலக்களிக்கும் போக்கு வளர்ந்துவரும் வேளையில், இருக்கும் உரிமையைப் பயன்படுத்தாமல் விடுவது அதனை இழப்பதற்கான முதற்படியாகும்.

மூன்றாவது, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தல். தமிழ்ப் பாடசாலைகளில் ஐந்திணையைப் படிக்கும் பிள்ளைகள், இந்நாட்டின் நிலங்களையும் அவற்றின் மக்களையும் சேர்த்தே படிக்கட்டும். ரூஜ் தேசிய நகரப் பூங்காவிலே மீட்கப்பட்டுவரும் ஈரநிலங்களைக் காண மோர்னிங்சைட்டிலிருந்து நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. தவளை கத்தும் சேற்றோரத்தில் நின்று, இந்நிலம் எதைச் சேமித்து வைத்திருக்கின்றது என்று கேட்கப் பழகிய பிள்ளை, முத்துராஜவெலயைப் பற்றியும் ஹட்சன் விரிகுடாவைப் பற்றியும் பிற்காலத்தில் சரியான கேள்விகளைக் கேட்கும்.

இந்நாடு எமக்குப் புகலிடம் தந்தது. அப்புகலிடம் முதலில் யாருடைய நிலம் என்பதனை நாம் மறத்தலாகாது. அந்நிலத்தின் மக்கள் தமது சதுப்பைக் காக்கக் குரல் எழுப்பும்போது அவர்களுடன் நின்று, சட்டங்களை ஒதுக்கிவைக்கும் அவசரத்தைக் கைவிடுமாறு மாகாண அரசைக் கோருவது எமது சமூகத்தின் கடமையாகும்.